பன்னிரண்டாவது பூசணிக்காய்

மூங்கிலருவிக் காட்டில் ஒரு கருங்குரங்கு இருந்தார். பெயர் காத்தமுத்து. அந்தப் பெயரைச் சொன்னால் காட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'விழுது வேந்தன்' என்று சொல்லிப் பாருங்கள்! நேற்றுப் பிறந்த முயல்குட்டிகூட எழுந்து நின்று கை தட்டும்.

காத்தமுத்து சினிமா நட்சத்திரம். "மிருகங்களுக்கு ஏதய்யா சினிமா?" என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எப்போதோ மனிதர்கள் படம் பிடிக்க வந்தார்கள். மழைக்குப் பயந்து ஓடினார்கள். ஓடும்போது கேமராவை விட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் ஆமை. எதையும் முதலிலிருந்து பார்த்தவன் இல்லை.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். விழுது வேந்தன் படங்கள் பதினொன்று வந்தன. பதினொன்றுக்கும் போனேன். பதினொன்றுக்கும் இடைவேளைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அதனால் எனக்கு எல்லாப் படத்திலும் பின்பாதி மட்டும் மனப்பாடம்.

பின்பாதி எப்போதும் ஒன்றுதான். வில்லன் கரடி வீராசாமி யாரையாவது பிடித்துக் கட்டிப்போட்டிருப்பார். வேந்தர் ஆலமரத்து உச்சியில் ஏறுவார். இரண்டு கைகளையும் வாயருகே குவிப்பார். "ஓ... ஹோ... ஹோய்ய்ய்!" என்று ஒரு கூவல்! அவ்வளவுதான். மூங்கில் புதர் படபடவென்று முறியும். யானை ஏகாம்பரம் உள்ளே வருவார். "வந்துட்டாருடா ஏகாம்பரம்!" என்று கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். நான் எழுந்து நின்றாலும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நின்றேன்.

அடடா, அது ஒரு காலம்! வழுக்குப் பாறையில் படம் ஓடும். மான்கள் மூன்று நாள் நடந்து வரும். காட்டுக்கோழிகள் முன்வரிசைக்குச் சண்டை போடும். மறுநாள் காட்டில் எந்த மரத்தைப் பார்த்தாலும் குஞ்சு குளுவான் எல்லாம் விழுதைப் பிடித்துத் தொங்கும், கூவும், பொத்தென்று விழும், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். நானும் ஒருமுறை ஒரு விழுதை வாயால் கவ்விப் பார்த்தேன். அரை நாள் தொங்கினேன். ஒரு காட்டுப்பன்றி வந்து இறக்கிவிட்டது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

பதினோராவது படம் முடிந்ததும் டைரக்டர் பாறைமேல் ஏறி நின்றார். டைரக்டர் தேவாங்கு திருமூர்த்தி. கேமராவைப் பிடிப்பதும் அவர்தான். பகல் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று எந்நேரமும் தலைமேல் ஒரு வாழையிலை வைத்திருப்பார்.

"அடுத்த படம் பன்னிரண்டாவது. அதுதான் விழுது வேந்தனின் கடைசிப் படம்!" என்றார்.

கூட்டம் ஐயோ என்றது. நானும் ஐயோ என்றேன். கடைசிப் படத்தையாவது முழுசாகப் பார்க்க வேண்டாமா? படமென்ன, ஷூட்டிங்கையே பார்த்துவிடுவோம் என்று அன்றைக்கே கிளம்பினேன். ஒரு வருஷம் நடந்தேன். ஷூட்டிங்கின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன்.

ஷூட்டிங் நடந்தது ஆற்று நடுவே ஒரு திட்டில். திட்டின் மேல் பெரிய ஆலமரம். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் கல்லுக்குக் கல் தாவிப் போகலாம். தாவ முடியாதவர்களை ஏகாம்பரம் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார். நான் நீந்தத் தெரியாத தரை ஆமை; என்னையும் அவர்தான் தும்பிக்கையால் தூக்கி வைத்தார். "எங்கேருந்து வர்றே?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு வருஷமா!" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு கீரைத்தண்டு கொடுத்தார். மனசு நல்ல மனசு.

இப்போது பூசணிக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஷாட் எடுத்ததும் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, கதாநாயகனையும் கேமராவையும் மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டு உடைப்பார்கள். உடைத்தால்தான் படம் முடிந்ததாக அர்த்தம். உடைக்காமல் யூனிட் கலையக் கூடாது. கலைந்தால் படம் விளங்காது. உடைத்த பிறகு அந்தப் படத்துக்காக யாரும் கேமரா முன்னால் நிற்கவும் கூடாது.

சுற்றிப் போட்ட காயை யாரும் தின்ன மாட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் தின்பார். "இந்த உடம்பை எந்தத் திருஷ்டி என்ன பண்ணும்?" என்பார். பதினொரு படத்துக்குப் பதினொரு காய். ஒரு தடவைகூட உடைக்கும் முன்னால் தும்பிக்கையால் தொட்டதில்லை.

கடைசி நாள் காலை விடிந்தும் விடியாததுமாக ஆலமரத்தடியில் ஒதுங்கியிருந்தேன். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது வேந்தர் வந்தார். என் வேந்தர்! அத்தனை கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாடி நரைத்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படத்தில் இதெல்லாம் தெரியாது.

அவர் பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்தார். வேர்ப் பொந்துக்குள் தள்ளினார். மேலே சருகைப் போட்டு மூடினார். திரும்பினால் எதிரே நான்!

வேந்தர் வாயில் விரலை வைத்தார். "உஷ்!" என்றார்.

பதினொரு படம் பார்த்தவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

காலையிலேயே கடைசி ஷாட் எடுத்தார்கள். வேந்தர் உச்சாணிக் கிளையில் நின்று காட்டுக்குப் பிரியாவிடை கொடுக்கும் காட்சி. கையைக் குவித்தார், வாயை அசைத்தார். குரல் வரவில்லை. பக்கத்துக் கிளையில் இருந்த இருவாச்சிப் பறவை அமிர்தம்தான் கூவியது. ஏழாவது படத்திலிருந்தே வேந்தரின் தொண்டை போய்விட்டதாம். அப்போதிருந்து அமிர்தம்தான் டப்பிங். யூனிட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் கை தட்டியது ஒரு பறவைக்கா என்று எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது.

"ஓகே! கட்!" என்றார் டைரக்டர். "பூசணிக்காயைக் கொண்டாங்க!"

காய் இல்லை.

தேடினார்கள், தேடினார்கள், அப்படித் தேடினார்கள். மேற்கே மலைமேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் ஆறு பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் கரையேற வேண்டும். ஆனால் காய் உடைக்காமல் எப்படிக் கலைவது?

"காய் கிடைக்கலையா?" என்றார் வேந்தர், ரொம்ப அப்பாவியாக. "அட, அப்போ படம் இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்? சும்மா உக்காந்திருப்பானேன்? இன்னொரு சண்டைக் காட்சி எடுத்துடலாமே! வீராசாமி, வா!"

"நான் செத்துட்டேன்!" என்றார் கரடி வீராசாமி. "மூணு நாளைக்கு முன்னாலேயே என்னை அருவியில தள்ளிக் கொன்னாச்சு!"

"அதனால என்ன? உனக்கு ஒரு இரட்டைத் தம்பி இருக்கான்னு வச்சுக்கலாம்!"

"அந்தத் தம்பி ஒன்பதாவது படத்துலயே வந்துட்டான் அண்ணே!"

வேந்தர் முகம் வாடிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. காய் உடைந்தால் நாளைக்கு அவர் யார்? முழங்கால் வலிக்கிற ஒரு கிழக் குரங்கு. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் விழுது வேந்தனாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் நான் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தூறல் ஆரம்பித்தது. கரடிக்குப் பயம் வந்தது. கடைசி நாள் பார்க்கட்டும் என்று தன் இரண்டு குட்டிகளையும் அழைத்து வந்திருந்தார். பயம் வந்தால் பழி போட ஆள் தேடுவது எல்லோருக்கும் உள்ள குணம்.

"பூசணிக்காய்னா யாருக்கு உசிருன்னு நமக்குத் தெரியாதா?" என்று ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார் வீராசாமி.

அணில், முயல், கீரி, எல்லாத் தலையும் திரும்பியது.

"ஏகாம்பரம்," என்றார் டைரக்டர் தயங்கித் தயங்கி. "எடுத்திருந்தா சொல்லிடுப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஏகாம்பரத்துக்குக் காது இரண்டும் தொங்கிப்போயிற்று. அவர் யாரையும் பார்க்கவில்லை. வேந்தரை மட்டும் பார்த்தார்.

"காத்து, நீ சொல்லுடா. நீதானே என் கூட முதல் படத்திலேருந்து இருக்கே. உடைக்கிறதுக்கு முன்னால நான் தொட்டிருக்கேனா?"

இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நான் கழுத்தை நீட்டினேன். வேந்தர் தரையைப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார். "பசின்னா யாருக்கும் கை நீளும்..."

ஐயோ! அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். ஏகாம்பரத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அத்தனை பெரிய உடம்பு குழந்தை மாதிரி அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பன்னிரண்டு படம்!" என்றார் ஏகாம்பரம். "நீ கூப்பிட்டப்பல்லாம் ஓடி வந்தேன். இனிமே நீ தொண்டை கிழியக் கூவினாலும் வர மாட்டேன். போ!"

அவர் ஆற்றில் இறங்கி அக்கரை ஏறினார். மூங்கில் புதருக்குள் போய் மறைந்தார். நான் "அண்ணே, இருங்க!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிஜத்தைச் சொன்னால், நான் சத்தமாகச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் மலைமேல் மழை பொத்துக்கொண்டது. தாவுகிற கற்கள் ஒவ்வொன்றாக முழுகின. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து வந்தது. திட்டின் ஓரத்து மண் சரிந்தது. முயல்கள் மேட்டுக்கு ஓடின. மேடும் சின்னதாகிக்கொண்டே வந்தது. கரடிக்குட்டிகள் "அப்பா, யானை மாமா எங்கே?" என்று கேட்டு அழுதன.

"ஏகாம்பரம் இல்லாம யாரும் கரையேற முடியாது," என்றார் டைரக்டர். கேமராவை வாழையிலையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். "ஏதோ ஒரு காய்க்காக நல்லவனை விரட்டிட்டோமே!"

வீராசாமி வேந்தரிடம் வந்தார். "அண்ணே, நீங்க மட்டும் விழுதைப் பிடிச்சு அக்கரைக்குத் தாவிடலாம். தாவிப் போய் உசிரைக் காப்பாத்திக்குங்க. எங்க கதி ஆனபடி ஆகட்டும்."

வேந்தர் விழுதைப் பார்த்தார். கரடிக்குட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இந்தத் தடவை தலையை உள்ளே இழுக்கவில்லை.

"அமிர்தம்! நீ கூவு!" என்றார். "காடே நடுங்குற மாதிரி கூவு!"

அமிர்தம் கூவியது. என்ன கூவல்! படத்தில் கேட்ட அதே கூவல், ஒரு பிசிறு இல்லை. மலை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிற்று. எல்லோரும் மூங்கில் புதரையே பார்த்தோம். ஒரு இலை அசையவில்லை.

"இன்னொரு தரம்!"

இன்னொரு தரமும் கூவியது. யாரும் வரவில்லை.

"அவருக்கு என் குரல் தெரியும் அண்ணே," என்றது அமிர்தம். "ஆறு படமா பக்கத்துல நின்னு கேட்டவரு. கூப்பிடுறது நீங்க இல்லைன்னு அவருக்குத் தெரியாதா?"

வேந்தர் மரத்தில் ஏறினார். கால் இடறியது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். உச்சாணிக் கிளைக்குப் போனதும் இரண்டு கைகளையும் குவித்தார். "ஓ... ஹோ..." என்றார். கரகரவென்று வந்தது. இருமினார். மறுபடி குவித்தார். "ஓ..." அதற்குமேல் வரவில்லை. பதினொரு படம் பார்த்தவனுக்கு அதைக் கேட்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேந்தர் கையைக் கீழே இறக்கினார். கூவலை விட்டுவிட்டார். வெறுமனே கத்தினார்.

"ஏகாம்பரம்! காயை நான்தான் எடுத்தேன்! நான்தான்டா எடுத்தேன்! படம் முடிஞ்சிடக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன்! நீ திருடன் இல்லடா! நான்தான் திருடன்! பொய் சொன்னேன்டா, என்னை மன்னிச்சிடு!"

திட்டில் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. கழுத்தை நீட்டிய மட்டும் நீட்டி, "நானும் பார்த்தேன்! பார்த்தும் சொல்லலை!" என்று கத்தினேன். "நீ யாருடா?" என்று கேட்டது பக்கத்திலிருந்த கீரி. "ரசிகன்," என்றேன்.

தண்ணீர் என் ஓட்டின் விளிம்பைத் தொட்டது.

அப்போது அக்கரையில் மூங்கில் முறிந்தது. படபட, படபட!

"வந்துட்டாரு!" என்று கரடிக்குட்டிகள் கத்தின.

ஏகாம்பரம் வெள்ளத்துக்குக் குறுக்கே இறங்கி நின்றார். தண்ணீர் அவர் விலாவில் மோதிப் பிரிந்தது. வீராசாமி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகில் ஏறினார். முயல், அணில், கீரி, தலையில் கேமராவோடு டைரக்டர், எல்லோரும் ஏறிப் போனார்கள். நாலு நடை நடந்தார். நாலாவது நடையில் நான் போனேன். ஏறும்போது, "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தேன். "கேட்டுச்சு," என்றார் ஏகாம்பரம். அவ்வளவுதான். கீரைத்தண்டெல்லாம் இல்லை.

கடைசியில் திட்டில் வேந்தர் மட்டும் நின்றார், நெஞ்சோடு பூசணிக்காயை அணைத்துக்கொண்டு.

ஏகாம்பரம் ஐந்தாவது தடவையாகப் போய் நின்றார். முதுகைக் கொடுக்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு," என்றார்.

"எதை?"

"மேலேருந்து சொன்னியே, அதை."

"நான்தான் எடுத்தேன்," என்றார் வேந்தர்.

"சரி. ஏறு."

கரையேறியதும் மழையில் கற்பூரம் பற்றவில்லை. குங்குமமும் கரைந்துபோயிற்று. "பரவாயில்லை," என்றார் வேந்தர். காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கப்படி அவரையும் கேமராவையும்தான் சுற்ற வேண்டும். அவர் ஏகாம்பரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். அந்த முழங்காலோடு அவ்வளவு பெரிய யானையைச் சுற்றி வருவதென்றால் சும்மாவா? மூன்றாவது சுற்று முடிந்ததும், "படம் முடிஞ்சது!" என்று தன் குரலிலேயே சொல்லி, கல்லில் ஓங்கி உடைத்தார்.

ஏகாம்பரம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"தண்ணியா இருக்கு," என்றார். ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

டைரக்டர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சீன் எடுத்ததில்லையே! கேமரா இலைக்குள்ளே கிடந்துதே!"

"கிடக்கட்டும் சார்," என்றார் வேந்தர்.

பன்னிரண்டாவது படம் வந்தது. வழக்கம்போல நான் இடைவேளைக்குத்தான் போனேன். என்ன செய்வது, வழியில் ஒரு நல்ல கீரைப்பாத்தி. கடைசிக் காட்சியில் வேந்தர் உச்சாணிக் கிளையில் நின்று கூவினார். பிசிறில்லாத கூவல். காடே எழுந்து நின்று அழுதது.

கடைசி வரிசையில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு கிழக் குரங்கு. கூட்டத்தில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

"இது நீ இல்லை," என்று ஏகாம்பரம் மெல்லக் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது.

"நான் இல்லைதான்," என்றார் காத்தமுத்து. "நான் சொந்தக் குரல்ல கூப்பிட்டது உன்னை மட்டும்தானே?"

ஏகாம்பரம் சிரித்தார். அவர் சிரித்ததில் முன்வரிசைக் காட்டுக்கோழிகள் திரும்பி, "உஷ்!" என்றன.

பிள்ளைகளே, பெரியவர்களே, பன்னிரண்டு படத்திலும் சேர்த்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: புகழை இன்னொரு நாள் பிடித்துவைக்க உற்ற நண்பன் மேல் பழி விழ விடாதே, விழவிட்டால் உன் வாயாலேயே உரக்க உண்மையைச் சொல், இரவல் குரலுக்குக் காடு கை தட்டும், ஆனால் நண்பன் திரும்பி வருவது உன் சொந்தக் குரலுக்குத்தான்.